சுரங்கமும் நீரும்

ஈப்போவிலிருந்து பத்து காஜா, கம்பார் ஆகிய ஊர்களை நோக்கிச் செல்வோர் வழியெங்கும் ஈயக்குட்டைகளைக் காண்பர். ஈயம் எடுக்கப்பட்ட காலத்தில் அக்குழிகளுள் பல நீரின்றிக் கிடந்தமைக்கு இடையறாது இயங்கிய இறைபொறிகளே காரணமாகும். வேலை நின்றது, பொறியும் நின்றது, நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்திற்கு ஏறிக் குழியை நிரப்பிவிட்டது. நீரின் இவ்வியல்பு நிலக்கரிச் சுரங்கத்திற்கும் பொருந்தும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஈயக்குட்டை கண்ணுக்குத் தெரியும். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரோ பாறைக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

நிலத்தடிச் சுரங்கத்திற்கு வரும் நீர் இருவகைப்படும். ஒன்று, பாறையில் ஊறியுள்ள நீர்; மற்றொன்று, பழைய சுரங்கங்களில் தேங்கியுள்ள நீர். இவ்விரண்டின் இயல்பும் வேறு. இவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் முறையும் வேறு.

முதல்வகை நீரை முதலில் காண்போம். மழைநீர் மண்ணுள் இறங்கி, மணற்பாறையின் நுண்துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் தங்குகிறது. நிலக்கரிப் படுகையை வெட்டி எடுத்தபின் மேற்கூரைப் பாறை இடிந்து விழுவதுண்டு. அப்போது தோன்றும் வெடிப்புகள் மேலுள்ள நீர் கீழே இறங்க வழிவிடுகின்றன. இந்நீர் பெரும்பாலும் கசிவாகவே வருகிறது. அதனை வாய்க்கால் வழியே தாழ்ந்த இடத்திலுள்ள தொட்டிக்குக் கொண்டுசென்று, பொறிகொண்டு மேலே இறைத்துவிடுவர். நாள்தோறும் இறைக்கப்படும் நீரின் அளவைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. மழையில்லாத காலத்தில் நீர்வரத்து திடீரெனப் பெருகுமாயின், புதிய வெடிப்பு ஒன்று திறந்துகொண்டது என ஐயுறுதல் வேண்டும்.

நிலத்தடி நீர் மேலிருந்துதான் வரும் என்பதில்லை. தமிழ்நாட்டு நெய்வேலி இதற்குச் சான்றாகும். அது திறந்தவெளிச் சுரங்கமேயாயினும் ஆங்குள்ள நீரின் இயல்பு அறியத்தக்கது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள மணலில் நீர் அழுத்தத்துடன் அடைபட்டுள்ளது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 6 முதல் 8 கிலோகிராம் அளவுக்கு அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை நீக்கியவுடன் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு பொங்க வல்லது அந்நீர். ஆகவே, ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இடைவிடாது நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே அங்கு நிலக்கரி வெட்டப்படுகிறது.

இனி இரண்டாம் வகை நீர். இது கசிவதில்லை, தடை உடைந்தவுடன் பாய்கிறது. 10 மீட்டர் உயரமுள்ள நீர், சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். பழைய சுரங்கத்தில் நீர் 100 மீட்டர் உயரத்திற்கு நிரம்பியிருப்பின், அதன் அடியில் உள்ள இடைச்சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 டன் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். அச்சுவரை மறுபுறமிருந்து நாள்தோறும் வெட்டி மெலியச் செய்தால் விளைவு என்னவாகும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், தன்பாத்திற்கு அருகிலுள்ள சாஸ்னாலா சுரங்கத்தில் இதுவே நிகழ்ந்தது. மேலே கைவிடப்பட்ட பகுதியில் தேங்கிக் கிடந்த நீர், இடைச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே வேலை நடந்த பகுதியுள் பாய்ந்தது. 375 தொழிலாளர் மாண்டனர். பொறுப்பிலிருந்த அதிகாரிகள்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் இருவரைக் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012இல்தான்.

விதி இல்லாமையால் நேர்ந்த கேடன்று இது. இந்திய நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 1957இல் வகுக்கப்பட்ட விதிகள், நீர் தேங்கிய பழைய சுரங்கத்திற்கு 60 மீட்டருக்குள் தக்க அனுமதியின்றி வெட்டுதல் கூடாது எனத் தடுத்திருந்தன. அனுமதி பெற்று வெட்டும்போதும், முன்னே நீண்ட துளைகளையிட்டு, அப்பால் நீர் உள்ளதா என ஆராய்ந்தே நகரவேண்டும். குருடன் கைக்கோலால் தடவி அடியெடுத்து வைப்பது போன்றது இம்முறை. துளை வழியே நீர் வருமாயின் அதனை அடைத்துவிட்டுப் பின்வாங்கலாம். சுவர் உடைந்த பின்னர்ப் பின்வாங்க நேரமிராது.

இத்தனைக்கும் அடிப்படையாக நிற்பது சுரங்கப் படமாகும். பழைய சுரங்கம் எங்கு முடிகிறது என்பது சரியாகத் தெரிந்தாலன்றி 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2002 ஜூலை 24ஆம் நாள் இரவு, கியூகிரீக் சுரங்கத் தொழிலாளர் அருகிலிருந்த பழைய சுரங்கத்தை அறியாமல் துளைத்துவிட்டனர். அவர்களிடமிருந்த படம் அப்பழைய சுரங்கத்தின் இறுதி எல்லையைக் காட்டவில்லை. பாய்ந்த நீரில் ஒன்பதுபேர் அகப்பட்டனர். மேலிருந்து துளையிட்டு அழுத்தமேறிய காற்றைச் செலுத்தியும், இடைவிடாது நீரை இறைத்தும், ஏறத்தாழ 77 மணி நேரத்திற்குப் பின் ஒன்பதுபேரையும் உயிருடன் மீட்டனர்.

மலேசியாவிலும் நிலத்தடியில் நிலக்கரி வெட்டப்பட்டதுண்டு. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை அத்தொழில் நடைபெற்றது. தமிழரும் சீனரும் அங்கு உழைத்தனர். சுரங்கம் மூடப்பட்டுவிட்டாலும் வெட்டிய வழிகள் மண்ணுக்கடியில் இல்லாமற் போய்விடுவதில்லை. பின்னர் அந்நிலத்தில் வீடு கட்டுவோருக்கும் சாலை அமைப்போருக்கும் அவ்வழிகளைக் குறித்த படங்கள் தேவைப்படும்.

ஊற்றுநீரை வெல்லப் பொறி உதவும். தேங்கிய நீரிலிருந்து காப்பது படம். ஒரு சுரங்கத்தை மூடும் நாளில், கடைசியாக வெட்டிய இடம்வரை அளந்து, பிழையின்றி வரைந்து, பலரும் பார்க்கத்தக்க இடத்தில் பாதுகாத்தல் வேண்டும். அப்படத்தால் பயன்பெறுவோர் ஐம்பது ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் வேலைக்கு வரும் தொழிலாளர்களே. பள்ளியில் அளவுத்திட்டம் பிசகாமல் நிலப்படம் வரையக் கற்பிக்கும்போது, மாணவர்க்கு இதையும் எடுத்துரைத்தல் நன்று.