நஞ்சுக்கொடி

தாயின் வயிற்றில் வளரும் குழவி தானாக உண்பதில்லை, மூச்சு விடுவதுமில்லை. அதற்கு உணவும் உயிர்வளியும் தருவது நஞ்சுக்கொடி என்னும் உறுப்பாகும். பெயரில் நஞ்சு இருப்பினும், செயலால் அஃது அமுதூட்டும் செவிலியே. கருப்பையின் சுவரைப் பற்றி அடைபோல் வளரும் இவ்வுறுப்பு, பேறுகாலத்தில் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையுடையதாகும். இங்குத் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய சவ்வின் வழியே உணவு சேயிடம் செல்கிறது. கழிவு தாயிடம் திரும்புகிறது.

இப்பணி செவ்வனே நடைபெறக் கருப்பையின் நாடிகள் நன்கு அகலுதல் வேண்டும். சிலரிடத்து அவை போதிய அளவு அகல்வதில்லை. தூர்ந்த வாய்க்காலை நம்பிய பயிர்போல, இரத்தம் குறைந்த நஞ்சுக்கொடி நலிவுறுகிறது. அதனினின்று வெளிப்படும் சில பொருள்கள் தாயின் இரத்தக் குழாய்களைத் தாக்குகின்றன. அதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது; சிறுநீரில் புரதம் தோன்றுகிறது. இந்நோயை முன்சூல்வலிப்பு என்பர். இது முற்றினால் தாய்க்கு வலிப்பு உண்டாகும்.

சேய்க்கு நேரும் இடரும் சிறிதன்று. அதன் வளர்ச்சி குன்றுகிறது. எடை குறைந்தோ, மாதம் நிரம்பாமலோ பிறக்கிறது. நுரையீரல் முதிராத குழவி மூச்சுவிட இடர்ப்படும்; தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளவும் இயலாது தவிக்கும்.

1843ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் லீவர், வலிப்புற்ற கருவுற்ற மகளிரின் சிறுநீரில் புரதம் இருத்தலைக் கண்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையிற் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மக்னீசியம் சல்பேட்டு என்னும் மலிவான உப்பு, வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வொன்று 2002இல் மெய்ப்பித்தது.

எனினும், மருந்துகள் நோயை அடக்குமேயன்றி அதன் வேரைக் களையா. சேயும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பின்னரே நோய் தணியத் தொடங்கும். விரைந்து பேறு நிகழ்த்தினால் முதிராத சேய்க்கு இடர். காலம் தாழ்த்தினால் தாய்க்கு இடர். இவ்விரண்டையும் சீர்தூக்கி முடிவு செய்வதே மருத்துவரின் பெரும்பொறுப்பு.

இந்நோய் பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின்னரே தோன்றும். தொடக்கத்தில் நோவு தருவதில்லை. ஆகவே, உடல் நலமாயிருப்பதாகத் தோன்றினும் கருவுற்ற மகளிர் குறித்த நாள்களில் இரத்த அழுத்தத்தை அளந்தறிதல் வேண்டும். அளவு 140/90 என்னும் எல்லையை எட்டினாலோ, கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றினாலோ, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இவ்வெளிய சோதனை ஈருயிரைக் காக்க வல்லது.