எங்கள் வீட்டுக் குட்டிச்சாத்தான்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பேய் உண்டா, இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துவதற்காக நான் இக்கட்டுரையை எழுத முன்வரவில்லை. அதற்கு நம் கல்லூரியில் தகுதியுடைய நாவன்மையாளர் பலர் உளர். குட்டிச்சாத்தானுடன் ஆறு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் இடையில், இருப்புப்பாதைக்கு ஏறத்தாழ 100 அடி தள்ளி இருக்கிறது எங்கள் வாடகை வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவர்கள். முன்கட்டு, தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இடித்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ். பின்கட்டுச் சமையலறைக்கு மட்டும் பிற்காலத்தில் யாரோ தகரம் இறக்கியிருக்கிறார்கள். அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். அவருடைய சம்பளத்துக்கு அவ்வளவு பெரிய வீடு எப்படிக் கிடைத்தது என்பது குடிவந்த மூன்றாம் நாள் எங்களுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஆயாவைத் தனியே அழைத்து, "அந்த வூட்ல குட்டி ஒண்ணு இருக்குதும்மா. கெடுதல் பண்ணாது, வெளயாடும். அவ்ளோதான்" என்றார்.

ஆயா அசரவில்லை. "பெரிய மனுசங்களோடயே குப்ப கொட்டியாச்சு, குட்டியோட கொட்ட முடியாதா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அது விளையாடவும் செய்தது. விளக்கு வைத்த பிறகு கூரையில் 'டொக், டொக்' என்று தட்டும். கழுவிக் கவிழ்த்த டம்ளர், யாரும் தொடாமலே மேடையில் நகரும். பலகை விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே வைத்த பித்தளைச் சொம்பு நள்ளிரவில் கீழே விழும். மொட்டை மாடியில் யாரோ நடப்பார்கள்; ஏறிப் பார்த்தால் ஆள் இருக்காது. இவை போதாவென்று, வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் காணாமற்போகும்.

குட்டிச்சாத்தான் என்றால் நமக்கு மலையாள மந்திரவாதமே நினைவுக்கு வருகிறது. திருச்சூர் மாவட்டத்துப் பெரிங்ஙோட்டுக்கரையில் அவருக்குப் புகழ்பெற்ற கோயில்கள் உள்ளன. வடமலபாரில் அவர் தெய்யமாக ஆடுகிறார். 1984இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமும் அவர் பெயரில்தான் வந்தது. ஆனால் சாத்தன் என்ற பெயர் நமக்கும் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை நினைத்துப் பாருங்கள். மாலதி என்பவள் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. அவள் பழிக்கு அஞ்சிக் கோயில் கோயிலாக அலைகிறாள். முடிவில் பாசண்டச் சாத்தன் அந்தக் குழந்தையின் உருவத்தைத் தானே எடுத்து அவ்வீட்டில் வளர்கிறான். பெரியவனாகித் தேவந்தியை மணக்கவும் செய்கிறான். அந்தச் சாத்தனும் மலையாளத்துக் குட்டிச்சாத்தானும் ஒருவரே என்று நான் வாதிக்கவில்லை. ஒரு பெண்ணால் வாய்விட்டுச் சொல்ல முடியாத இக்கட்டில் ஒரு சாத்தன் பிள்ளையுருவில் வீட்டுக்குள் வந்தான் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

சொம்பு மூன்றாம் முறை விழுந்தபோது அம்மா பொறுக்கவில்லை. யாரோ சொல்லி ஒரு மந்திரவாதி வந்தார். எலுமிச்சம்பழம் அறுத்து, செப்புத் தகடு ஒன்றை வாசல் நிலைக்கு மேலே அடித்து, 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அன்றிரவு எட்டரை மணிக்குக் கூரை வழக்கம்போல் தட்டியது. அப்பா என்னைப் பார்த்து, "பிசிக்ஸ் படிக்கிறியே, இன்னான்னு பாரேன்டா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பால் வீட்டுக்கு ஏதேனும் பயன் உண்டா என்று அவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நாள், மணி, என்ன நடந்தது, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று 2 மாதம் குறித்தேன்.

முதலில் கூரைத் தட்டல். பெரும்பாலும் மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் கேட்டது. பகலெல்லாம் மழை பெய்த நாளில் ஒன்றுகூட இல்லை. குட்டிச்சாத்தானுக்கு மழை ஆகாது போலும் என்று ஆயா சொன்னாள். எனக்கு முதலாண்டுப் பாடம் நினைவுக்கு வந்தது. இரும்பின் நீள்விரிவெண் ஒரு டிகிரி செல்சியசுக்கு 0.000012. எங்கள் தகரம் 3 மீட்டர் நீளம். நண்பகல் வெயிலில் 60 டிகிரிக்குக் காய்ந்தது இரவில் 30 டிகிரிக்கு ஆறினால், 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்க வேண்டும். ஆணியும் மரச்சட்டமும் அதை விடுவதில்லை. இழுவிசை சேர்ந்து சேர்ந்து, பிடிப்பை மீறும் கணத்தில் தகரம் வெடுக்கென்று நழுவுகிறது. அதுதான் 'டொக்'. நான்கு ஆணிகளைச் சற்றுத் தளர்த்திப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாசராகக் கொடுத்தேன். தட்டல் பாதிக்குப் பாதி குறைந்தது.

டம்ளரின் கதை இன்னும் சுவையானது. வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்தால், உள்ளே அகப்பட்ட காற்று டம்ளரின் சூட்டில் விரிகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் காற்றை வெளியே விடாமல் அடைத்துக்கொள்கிறது. காற்று டம்ளரை மயிரிழை தூக்கிவிட, உராய்வு ஏறக்குறைய இல்லாமற்போகிறது. எங்கள் மேடையோ தண்ணீர் வடியட்டும் என்று சாய்த்துப் பூசப்பட்டது. பிறகென்ன, டம்ளர் தானே வழுக்கிக்கொண்டு போகிறது! விடுதி நண்பர்கள் உணவறையில் செய்து பார்க்கலாம்.

சொம்புக்குக் காரணம் இரயில். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை எங்கள் வீட்டோரமாகத்தான் போகிறது. சரக்கு வண்டி போகும்போதெல்லாம் சுவர் அதிரும், பலகை அதிரும். ஒவ்வோர் அதிர்விலும் உராய்வு ஒரு கணம் தளர, சொம்பு சரிவு நோக்கி இம்மி நகரும். சொம்பைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தேன். 10 நாளில் 2 விரற்கடை வெளியே வந்திருந்தது. பலகையின் அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிச் சமன் செய்தேன். அதன்பின் விழவில்லை.

மாடியில் நடந்தவர் மரநாயார். பக்கத்துத் தோப்பில் பழம் தின்றுவிட்டு எங்கள் கைப்பிடிச் சுவரில் கொட்டை கொட்டையாக எச்சம் இட்டுச் சென்றதால் பிடிபட்டார். அவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இந்த ஆர்வத்தில் நூலகத்தில் தேடியபோது, உலகெங்கும் இதே கதைதான் என்று கண்டேன். ஜெர்மானியர் இதற்குப் 'போல்டர்கைஸ்ட்', அதாவது இரைச்சலிடும் ஆவி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1921இல் வில்மர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், ஒரு வீட்டில் காலடியோசையும் உருவங்களும் குடும்பத்தையே ஆட்டிவைத்ததற்குப் பழுதடைந்த கணப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று எழுதினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டான்டி என்ற பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் தெரிவதைக் கண்டு வியர்த்துப்போனார். மறுநாள் இடுக்கியில் பிடித்து வைத்த வாட்போட்டி வாள் தானாக அதிர்ந்தது. ஆராய்ந்தால், புதிதாகப் பொருத்திய மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் செவிக்கெட்டா ஒலி, அறையில் நிலையலையாக நின்றிருந்தது. இதை 1998இல் வெளியிட்டார். ஒலியால்தான் உருவம் தெரிந்தது என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் நிலையலைப் பாடத்தைக் கதைபோலப் படிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன். டம்ளரையும் ஓட்டிக் காட்டினேன். அப்பா முகத்தில் தெரிந்த பெருமிதத்தை நான் மறக்க மாட்டேன். ஆயா மட்டும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: "எல்லாம் சரி ராசா. பொண்ணு ஜாதகத்த யாரு எடுத்தது?"

அதற்குத்தான் என்னிடம் விடை இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

என் தங்கை பிளஸ் டூ முடித்திருந்தாள். 600க்கு 521. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் வரும் நாளில் ஜாதகம் காணாமற்போகும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைத்த கேசரியில் உப்பு விழுந்தது. இன்னொரு முறை கதவின் தாழ்ப்பாள் சிக்கி அவர்கள் கால் மணி நேரம் தெருவில் நின்றார்கள். என் நோட்டில் இவற்றைத் தனி மையில் குறித்தபோது, வெயிலோடும் இரயிலோடும் இவை பொருந்தவில்லை. வரன் வரும் நாளோடு மட்டும் பொருந்தின. 'வீட்டில் யார்' என்ற பத்தியில் எல்லா வரியிலும் அவள் பெயர் இருந்தது.

டாக்டர் ஆபிரகாம் கோவூரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1898இல் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி உள்ளிட்ட இலங்கைப் பள்ளிகளில் தாவரவியல் கற்பித்து, 1959இல் ஓய்வுபெற்றவர். பிறகு 1978இல் மறையும்வரை பேய்வீடுகளை ஆராய்ந்தார். சோதனைக்கு உட்பட்டு மந்திர சக்தியை மெய்ப்பிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். கடைசிவரை யாரும் அதைப் பெறவில்லை. கல் விழுகிற வீடு, துணி எரிகிற வீடு எதுவாயினும் அவர் முதலில் கூரையைப் பார்ப்பதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசுவார். எறிந்த கை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கைக்குப் பின்னால் வெளியே சொல்ல முடியாத ஒரு மனக்குறை இருக்கும். குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக ஆர்ப்பரிக்காமல் அந்தக் குறைக்கு மருந்து தேடினார் என்பதால்தான் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. 1848இல் அமெரிக்காவில் ஆவியோடு தட்டிப் பேசியதாகப் புகழ்பெற்ற ஃபாக்ஸ் சகோதரியரும் சிறுமியரே; 40 ஆண்டு கழித்து, 1888இல், மார்கரெட் ஃபாக்ஸ் மேடையேறிக் கால்விரல் மூட்டைச் சொடுக்கிக் காட்டினார். 1977இல் இலண்டனின் என்ஃபீல்டில் கிளம்பிய ஆவியும், தந்தை பிரிந்துபோன ஒரு வீட்டின் பெண்பிள்ளைகளைச் சுற்றியே சுழன்றது. சிலவற்றைத் தாங்களே செய்ததாக அவர்களும் பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

மாடியில் துணி எடுக்கப் போனபோது தங்கையிடம் நோட்டை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "நான் வேணான்னா வாயாடின்றாங்கண்ணா. குட்டி வேணான்னா சகுனம்ன்றாங்க" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைவிட நூறு மதிப்பெண் அதிகம் வாங்கியவள் அவள். கல்லூரிக்கு அனுப்பப்பட்டவனோ நான். அந்தக் கணக்கை நான் அதுவரை நோட்டில் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஆயாவிடம் "அத மட்டும் இன்னும் ஆராயணும் ஆயா" என்று மழுப்பினேன். அறிவியல் மாணவன் அறிந்தே சொன்ன பொய். பிறகு அப்பாவிடம் வேறு வழியில் பேசினேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியதைச் சொன்னேன். அவர் லேத் ஓட்டுபவர்; கணக்கில் பிசகாதவர். கட்டணம், பஸ், புத்தகம் என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கூட்டினார். அம்மாவை வழிக்குக் கொண்டுவர இன்னும் 3 வாரம் ஆயிற்று. அந்தச் சண்டைகளை இங்கே எழுதினால் மலரில் இடம் போதாது. தங்கை இப்போது பி.காம். முதலாண்டு. இக்கட்டுரையை அவள் படித்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் திருத்திக் கொடுத்தாள். நான் ஒன்று குறைத்து எழுதியிருந்தேனாம்.

சேர்க்கை முடிந்த அன்று அவளே வீட்டில் உண்மையைச் சொன்னாள். அம்மா சற்று நேரம் பேசவில்லை. "ஜாதகத்த எங்கடி வெச்ச?" என்று கேட்டார்.

"அரிசி டிரம்முல, அடியில."

எல்லோரும் ஆயாவைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அந்த டிரம்முக்குள் கைவிட்டு அரிசி அளப்பவள் அவள் ஒருத்திதான். 15 வயதில் கழுத்தை நீட்டியவள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? குட்டி வெச்ச எடத்துல இருந்து எடுக்கக்கூடாதுன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

அம்மாவின் தோடு சென்ற தையில்தான் மீண்டது. நிலைக்கு மேலுள்ள செப்புத் தகடு இன்னும் அங்கேயே இருக்கிறது. பிடுங்கினால் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்துவிடும், வீட்டுக்காரர் அட்வான்சில் பிடித்துக்கொள்வார் என்று அப்பா தொட விடமாட்டேன் என்கிறார்.