மலைக்குள் வைக்க நினைத்த கடிகாரம்

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய். மேலே மலைத் தோட்டங்களில் பறித்து, உலர்த்தி, மூட்டையாக இறங்கும் காய்க்கு விலை பேசும் ஊர். இயற்பியலாளர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழகியதோ வேறொரு மலையால். தென்மேற்கே பொட்டிப்புரத்தை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலை அது.

ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கப்பாதை குடைந்து, 132 மீட்டர் நீளக் குகை அமைத்து, அதில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்க வேண்டும் என்பது திட்டம். தலைக்கு மேல் 1 கி.மீ.க்கும் கூடுதலான சார்னோக்கைட் பாறை, மற்ற அண்டக் கதிர்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் மட்டும் தடையின்றி வரும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

இத்தனை இரும்பும் ஒரு வகையில் கடிகாரம்தான்.

ஐன்ஸ்டைனின் சார்பியல்படி, ஒளி வேகத்தில் பறக்கும் எதற்கும் நேரம் ஓடுவதில்லை. நிறையே இல்லாதது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட நியூட்ரினோவும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. நேரமே ஓடாத பொருள் வழியில் மாறவும் முடியாது. ஆனால் நியூட்ரினோ மாறுகிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998-ல் அதைக் காட்டியது: தலைக்கு மேலே வளிமண்டலத்தில் பிறந்து வந்த மியூவான் வகை நியூட்ரினோக்கள் கணக்குப்படி இருந்தன, பூமியின் மறுபக்கத்தில் பிறந்து 12,700 கி.மீ. துளைத்து வந்தவை ஏறக்குறைய பாதிதான். அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் நான்கு பங்கு. அதற்குள் மீதிப் பாதி வேறு வகையாகிவிட்டன. ஆக, நியூட்ரினோவுக்கு நேரம் ஓடுகிறது. அதற்கு நிறை உண்டு. சூப்பர் காமியோகாண்டேயின் காஜிதாவுக்கும் கனடாவின் மெக்டொனால்டுக்கும் 2015-ல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான்.

எப்படி மாறுகிறது? குவாண்டம் விதிப்படி ஒவ்வொரு வகை நியூட்ரினோவும் மூன்று நிறைகளின் கலவை. நிறைக்கேற்ப அவற்றின் அலைத் துடிப்பும் நூலிழை வேறுபடும். சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புரா நரம்புகளை மீட்டினால் ஒலி ஏறி இறங்குமே, அப்படித்தான் ஒரு வகை மங்க இன்னொன்று எழுகிறது.

மூன்றில் எது கனமானது என்பதுதான் பொட்டிப்புரத்தில் தேட நினைத்த விடை. நியூட்ரினோ எதிர்மின் மியூவான் துகளையும், எதிர்நியூட்ரினோ நேர்மின் மியூவானையும் உண்டாக்கும். காந்தம் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் வளைக்கும். பூமியைத் துளைத்து வரும்போது நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் மாறும் விதத்தில் உள்ள வேற்றுமை, நிறைகளின் வரிசையைச் சொல்லிவிடும். வெற்றிடத்திலும் இப்படியொரு வேற்றுமை உண்டா, அதாவது காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் இயற்கை விதி அப்படியே இருக்குமா என்பது இன்னும் பெரிய கேள்வி. ஜப்பானின் டி2கே என்ற நியூட்ரினோ ஆய்வு அதன் பின்னால் அலைகிறது.

இந்தியா இதில் புதுக்கை அல்ல. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், ஆண்டு 1965. புதிய ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகளையும் யானை வழித்தடத்தையும் காரணம் காட்டி 2009-ல் அனுமதி மறுக்கப்பட, போடி மலைக்கு வந்தார்கள்.

இங்கே திட்டத்தை ஒட்டி நடந்த வாதத்தில் பாதி வீண். நொடிதோறும் கோடானுகோடியாக நம் உடம்பைத் துளைத்துப் போகும் நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கில்லை. அது ஆபத்தானது என்ற அச்சத்தைக் கிளப்பியதும் தேவையற்றது, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஓய்ந்ததும் போதாது. பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதும், 5 கி.மீ. தொலைவுக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதும் நிஜக் கேள்விகள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு மீண்டும் வழங்கியது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

இதற்கிடையே மதுரையில் 85 டன் எடையில் இத்திட்டத்தின் சிறு மாதிரிக் கருவி அண்டக் கதிர் மியூவான்களைப் பதிவு செய்திருக்கிறது. நிறை வரிசைக்கு விடை தேடி, சீனாவில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்துடன் அமைந்த ஜூனோ ஆய்வகம் 2025-ல் அளக்கத் தொடங்கிவிட்டது.