வீடற்றோருக்கும் ஓர் உலகக் கோப்பை

தெருவோரம் படுத்திருப்பவருக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கிறோம். ரமளானில் கஞ்சியும் கொடுக்கிறோம். அவர் பெயரைக் கேட்டிருக்கிறோமா? வீட்டை இழந்தவர் கூரையோடு, தன்னைத் தேடும் மனிதர்களையும் இழந்துவிடுகிறார். அந்த இரண்டாவது இழப்பை ஈடுசெய்யக் கால்பந்து உதவுகிறது.

வீடற்றோர் விற்கும் பத்திரிகைகளை நடத்திய மெல் யங், ஹரால்ட் ஷ்மீட் இருவரும் 2001இல் யோசித்தது வீடற்றோர் உலகக் கோப்பை. 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 18 நாடுகளுடன் தொடங்கியது. சிறிய ஆடுகளம், அணிக்கு 4 பேர், ஏழேழு நிமிடங்களாக ஆட்டம். ஒருவர் வாழ்நாளில் ஒரே முறைதான் ஆடலாம்! அருமையான விதி. ஆடியவர் வேலை, வீடு என்று நகர்ந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் அல்லவா?

பெரும் பலன் கிடைப்பது ஊரில் நடக்கும் வாராந்திரப் பயிற்சியில்தான். குறித்த நேரத்துக்கு வர வேண்டும். போதையோடு வந்தால் ஓட முடியாது. ஒருநாள் வராவிட்டால் "ஏன் காணோம்?" என்று யாராவது கேட்பார். இப்படிப் பழகிய பிறகே அடையாள அட்டை, போதை மீட்பு சிகிச்சை, வேலை பற்றிப் பயிற்சியாளர் பேச்செடுக்க முடியும். பந்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் இதில் எதுவும் நடக்காது.

இந்திய அணியை அனுப்பிவருவது நாக்பூரின் ஸ்லம் சாக்கர். மழையில் உடைந்த வாளியை உதைத்து ஆடிய குடிசைப் பகுதிப் பிள்ளைகளைக் கண்டு, விஜய் பார்ஸே என்ற விளையாட்டு ஆசிரியர் தொடங்கியது அது.

இத்தகைய பயிற்சிக்குக் காலணி, பந்து வாங்கித்தர விரும்புவோர் ஸதக்காவாகத் தரலாம். ஜகாத் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.