உப்புக் காற்றில் ஓர் ஆரஞ்சு ரோஜா!

“கடற்கரை ஓரத்துல ரோஜாவா? ஒரு மாசம் தாங்காது. பேசாம ரெண்டு அரளியை நட்டுட்டு நிம்மதியா இருங்க!”

திருவான்மியூரில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு மாமி சொன்ன அருள்வாக்கு இது. மாமி சொன்னது பலித்தும் விட்டது. ஆசை ஆசையாக வாங்கி வைத்த முதல் மூன்று செடிகளும் ஓரம் கருகி, இலை உதிர்ந்து, குச்சியாகி நின்றன. தினமும்தான் தண்ணீர் ஊற்றினேன். உரம் போட்டேன். பிறகு ஏன் செத்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு வைத்த நாலாவது செடி இன்றைக்கும் பூத்துக்கொண்டிருக்கிறது. இரண்டடி உயரம்கூட இல்லாத, புதர் மாதிரி அடர்ந்த குட்டை ரகம். கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறப் பூக்கள். உங்கள் வீடும் கடலோரமா? எட்டடிக்குப் பத்தடி இடம், அதுவும் இல்லையென்றால் ஒரு பால்கனி இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

மாங்காய்க்கு நடப்பதே ரோஜாவுக்கும்!

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். நீங்கள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை வெளியே இருந்த உப்பு இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

ரோஜாவின் வேரைச் சுற்றி உப்பு சேர்ந்தாலும் இதே கதைதான். தொட்டியில் ஈரம் இருக்கும். ஆனால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடும். நாமோ, ‘ஐயோ, வாடுதே’ என்று அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். நான் செய்த தப்பு இதுதான். வேர் வழியாக ஏறிய உப்பு, தண்ணீர் ஆவியாகும் இலை ஓரங்களில் போய்த் தங்கிவிடும். அதனால்தான் ஓரம் முதலில் கருகுகிறது.

ரத்தக் கொதிப்புக்காரரிடம் டாக்டர் ‘உப்பைக் குறைங்க’ என்கிறார். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரோஜாவும் அந்த மாதிரி ஒரு பேஷண்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதி வைத்தியம் முடிந்தது.

எந்தத் தண்ணீர்?

வாயில் வைத்தால் கரிக்கிற போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. டி.டி.எஸ். மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. அதில் 500-க்குள் காட்டினால் ஓரளவு நிம்மதி. 1000-ஐத் தாண்டினால் தொல்லைதான்.

எல்லாவற்றிலும் நல்லது மழைத்தண்ணீர். இரண்டு டிரம் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடி வைத்தால் ஒரு செடிக்கு ரொம்ப நாள் வரும். ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுகிறதே, அந்தத் தண்ணீரிலும் உப்புக் கிடையாது. குடிக்கத்தான் உதவாது, செடிக்கு ஊற்றலாம். உப்புப் போடாத அரிசி களைந்த தண்ணீரும் சரிதான்.

ஆனால் வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர்? ‘வீணாகப் போகிறதே’ என்று அதைச் செடிக்கு விடுபவர்கள் நிறையப் பேர். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வீடு துடைக்கட்டும். ரோஜா பக்கம் வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரும் அப்படியே.

தினமும் ஒரு டம்ளர் என்று தெளிக்காதீர்கள். மேல்மண் காய்ந்ததும், அடித் துளை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தொட்டி கொள்ளும் அளவைப் போல் இரண்டு பங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணைக் கழுவி விடுங்கள். மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால், ‘கழுவுகிற நேரம் வந்தாச்சு’ என்று அர்த்தம்.

இது வெறும் தொட்டி வைத்தியம் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பக்கம் வயல்களில் கடல்நீர் புகுந்து மண் உப்பாகிப் போனது. ‘இனி விளையுமா?’ என்று விவசாயிகள் கண் கலங்கினார்கள். வரப்பைக் கட்டி மழைநீரைத் தேக்கி, கரைந்த உப்போடு வடிய விட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். மண் மெல்ல மெல்ல மீண்டது. வயலையே கழுவ முடியுமென்றால் ஒரு தொட்டி எம்மாத்திரம்?

செடியும் மண்ணும்

நர்சரியில் போய் ‘ஆரஞ்சு ரோஜா’ என்று மட்டும் கேட்டால் நெடுநெடுவென்று வளரும் ஹைப்ரிட் டீ ரகத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். கடல் காற்றில் அது ஆடி ஆடியே ஒடியும். ‘மினியேச்சர்’ அல்லது ‘குட்டையான ஃப்ளோரிபண்டா’ என்று கேளுங்கள். ‘பட்டன் ரோஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பூவோடு இருக்கும்போதே நிறம் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ஒரு சுவாரஸ்யம். பளீரென்ற இந்த ஆரஞ்சு, ரோஜாவுக்குப் பூர்வீகச் சொத்து அல்ல. 1929-ல் வந்த ‘குளோரியா முண்டி’ என்ற குட்டை ரகத்தில்தான் அந்த நிறம் எடுப்பாகத் தெரிந்தது. 1960-ல் ஜெர்மனியின் டான்டாவ் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்டார்’ அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. ஸ்ட்ராபெரிக்குச் சிவப்பைத் தருகிற பெலர்கோனிடின் என்ற நிறமிதான் இதற்கும் காரணம். வெயில் ஏற ஏற இந்த வகை நிறமி குறையும். அதனால் மே மாதத்தில் பூ வெளிறினால் பயப்படாதீர்கள். மார்கழி, தை வந்தால் பழைய நிறம் திரும்பிவிடும்.

பன்னிரண்டு அங்குல மண் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மணல் என்றதும் கடற்கரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்! அதில் உப்பும் இருக்கிறது, கிளிஞ்சல் சுண்ணாம்பும் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும். செடிக்கும் சோகைதான்! தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். அதிலும் உப்பு ஒளிந்திருக்கும்.

பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. கடையில் பொட்டாஷ் உரம் வாங்கினால் ‘மியூரியேட்’ வேண்டாம். அது குளோரைடு உப்பு. ‘சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ்’ என்று கேட்டு வாங்குங்கள்.

காற்று, வெயில், கத்தரி

ஜன்னல் கம்பி ஒரே வருஷத்தில் துருப்பிடிக்கிறதா? அதே காற்றுதான் ரோஜா இலையிலும் வந்து உட்காருகிறது. வாரம் இரண்டு முறை காலையில் நல்ல தண்ணீரால் இலையின் மேலும் அடியிலும் கழுவி விடுங்கள். உப்பும் போகும், வெயில் காலத்தில் வருகிற சிவப்புச் சிலந்தியும் போகும். சாயங்காலம் வேண்டாம். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

கடல் பக்கம் ஒரு தடுப்பு அவசியம். முழுச் சுவரைவிட, காற்றைச் சல்லடை மாதிரி வடிகட்டும் பச்சை வலையோ, வெட்டி விட்ட பூவரசு வேலியோ மேல். அரளியும் உப்பைத் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசித்து வையுங்கள்.

காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் மத்தியானத்துக்கு நிழல் கொடுங்கள். வாடிய பூவை, அதற்குக் கீழே ஐந்து இலைகள் சேர்ந்த கொத்து இருக்கிற இடத்துக்குச் சற்று மேலே நறுக்குங்கள். அடைமழை ஓய்ந்ததும் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி விட்டால் ஆறேழு வாரத்தில் மொட்டுக் கட்டும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கிளம்புகிற காட்டுக் கிளையைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் அகற்றுங்கள். பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலக்கி வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். பால்கனியில் ரசாயன மருந்து அடித்தால் அதை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

உங்கள் உடம்பும் முக்கியம்!

‘ஒரு மாசம் தாங்காது’ என்றாரே மாமி, என் செடி பூத்ததும் அவரும் ஒன்று வாங்கினார். ஒரு நாள் முள் குத்தியது. “முள்ளுதானே?” என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. நாலாம் நாள் விரல் வாழைப்பூ மாதிரி வீங்கி, சிவப்பு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலுக்கே உத்தரவாதம் இல்லேம்மா” என்றார் டாக்டர்.

ஆகவே கையுறை இல்லாமல் ரோஜாவைத் தொடாதீர்கள். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணிலும் எருவிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். கடைசியாகத் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி வந்து, கையில் வரிசையாக மேலே ஏறினால் அது அபூர்வமான ஒரு பூஞ்சை நோயாக இருக்கலாம். ‘ரோஜா முள் குத்தினது’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையில் குணமாகும்.

இன்னொன்று. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறீர்களா? வழிந்த உப்புத் தண்ணீரைச் செடி மறுபடியும் குடிக்கும். போதாததற்கு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தட்டை எடுத்துவிட்டால் செடிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. எடுக்க முடியாவிட்டால் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

மாமி இப்போது எப்படி இருக்கிறார் என்கிறீர்களா? விரல் ஆறிவிட்டது. செடியைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுவாரம் கடையில் பார்த்தால், மஞ்சள் கையுறை வாங்கிக்கொண்டிருந்தார். “அரளி நடச் சொன்னவ நான்தான். இப்ப என்னடான்னா காலைல எழுந்ததும் முதல் வேலை மொட்டு எண்றதுதான்” என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சாக்கில் காலையில் அரைமணி நேரம் வெயிலில் நிற்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். போன மாதம் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள்கூட மறக்கவில்லையாம். மாத்திரை டப்பாவை ரோஜாவுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்திருக்கிறார்!