டெலிகாம் மேனேஜ்மென்ட் மேற்படிப்பு: உள்ளே என்ன இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் கனெக்ஷனும் எடுத்த பலருக்கு ஒரு அனுபவம் உண்டு. காலையில் பளிச்சென்று திறந்த பக்கங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் திணறும். வைரஸோ என்று பயந்து கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்வோம். பல சமயம் கம்ப்யூட்டர் மீது தவறே இருக்காது. உங்கள் பகுதியில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாதையைப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு பாதை என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை எடுக்கக் கற்றுத் தருவதுதான் டெலிகாம் மேனேஜ்மென்ட்.

நான் எஞ்சினியரிங் முடித்து, டெலிபோன் பில்லிங் சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கிறேன். வேலையை விட்டு இந்த மேற்படிப்பில் சேரத் தயாராகி வருகிறேன். "இரண்டு வருஷச் சம்பளம் போகுமே, அப்படி என்ன இருக்கிறது அதில்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ஒரு சிறிய கணக்கின் மூலம் பார்ப்போம்.

100 வீடுகளுக்கு எத்தனை லைன்?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 100 வீடுகள், எல்லா வீட்டிலும் டெலிபோன். அதிகம் பேசப்படும் ஒரு மணி நேரத்தில், ஒரு வீட்டுக்கு சராசரியாக 3 நிமிடப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நிமிடம். 60 ஆல் வகுத்தால் 5. அதாவது எந்த நேரத்திலும் சராசரியாக 5 அழைப்புகள் நடக்கும். அப்படியானால் 5 லைன்கள் போதுமா?

போதாது. ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்து டயல் செய்வதில்லையே! 5 லைன்கள் மட்டும் இருந்தால் 100 அழைப்புகளில் சுமார் 28 கிடைக்காமல் போகும். 11 லைன்கள் கொடுத்தால் 100-ல் ஒன்றுகூடத் தவறாது என்ற நிலை வரும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இது.

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரிலேயே இதைச் சரிபார்க்கலாம். 1 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதை 5 ஆல் பெருக்குங்கள். வந்த விடையுடன் லைன் எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் அதே விடையை வகுங்கள். முதல் லைனுக்கு 5-ஐ 6 ஆல் வகுக்க 0.83 வரும். அடுத்த லைனுக்கு 1-க்குப் பதில் இந்த 0.83-ஐ வைத்து மீண்டும் செய்யுங்கள். பதினோராவது முறை 0.008 வரும். 1000 அழைப்புகளில் 8 மட்டுமே கிடைக்காது என்று பொருள்.

இன்டர்நெட்டில் அழைப்பு கிடைக்காமல் போவதற்குப் பதில் வேகம் குறைகிறது. கணக்கு வேறு, அடிப்படை ஒன்றுதான்: பாதை எல்லோருக்கும் பொது.

கணக்கிலிருந்து பணத்துக்கு

இப்போது 1000 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு வீடு என்றால் 110 லைன்கள் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் 64 போதும்! கூட்டம் பெருகப் பெருக, ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு குறைகிறது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் இந்த லாபம் சிறிய நிறுவனத்துக்குக் கிடைக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். 11 லைன்களும் பிஸியான அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போடப்பட்டவை. நள்ளிரவில் சும்மா கிடக்கும். ஒரு காலத்தில் இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறைவாக இருந்தது நினைவிருக்கலாம். சும்மா கிடக்கும் லைனைக் குறைந்த விலைக்கு விற்கும் வழி அது. கட்டணத்தை மாற்றச் சொன்னால் என் போன்றவர்கள் புரோகிராமில் மாற்றுவோம். எவ்வளவு, எந்த நேரத்துக்கு என்று தீர்மானிக்கும் மேஜையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. நான் மேற்படிப்புக்குப் போக விரும்புவது அந்த நாற்காலிக்காகத்தான்.

பெரிய தொகைகளும் இதே பாடத்தில் வரும். 2022-ல் நடந்த 5ஜி அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய். உரிமை 20 ஆண்டுகளுக்கு. பணத்தையும் 20 ஆண்டுத் தவணைகளில் கட்டலாம். ஒரே தொகையாகக் கட்டுவது லாபமா, தவணை லாபமா? இதற்கு எஞ்சினியரிங் பாடத்தில் விடை இல்லை.

பணத்திலிருந்து சட்டத்துக்கு

பெரியவருக்கே லாபம் என்றால் கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். பிறகு அவர் வைத்ததுதான் விலை. அதனால்தான் 1997-ல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்ததும் போட்டியைக் காப்பாற்றத்தான். 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. கணக்கு, பணம், சட்டம் மூன்றும் ஒரே வகுப்பறையில் கிடைப்பதுதான் இந்தப் படிப்பின் சிறப்பு.

எங்கே படிக்கலாம்?

புனேயில் சிம்பயாசிஸ் குழுமம் 1996-ல் டெலிகாம் மேனேஜ்மென்ட்டுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. டெல்லி ஐ.ஐ.டி.யில் 2000-ல் பாரதி ஸ்கூல் வந்தது. டெக்னாலஜி, மேனேஜ்மென்ட் இரண்டும் அதன் பெயரிலேயே உண்டு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டரில் 1971-லேயே இத்தகைய படிப்பைத் தொடங்கிவிட்டது.

நுழைவுத் தேர்வில் ஒரு குழப்பம் வரும். எம்.டெக். சேர எஞ்சினியரிங் பாடங்களில் எழுதும் தேர்வும் 'கேட்', எம்.பி.ஏ. சேர ஐ.ஐ.எம்.கள் நடத்தும் தேர்வும் 'கேட்'. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு. சிம்பயாசிஸ் கல்லூரிகளுக்கு 'ஸ்நாப்' என்ற தனித் தேர்வு இருக்கிறது.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். புனே கல்லூரியின் பெயரில் இப்போது 'டிஜிட்டல்' சேர்ந்துவிட்டது. போல்டர் படிப்பின் பெயரில் 'சைபர் செக்யூரிட்டி' நுழைந்துவிட்டது. எனவே பாடத்திட்டத்தை டவுன்லோடு செய்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: நெட்வொர்க் திட்டமிடும் கணக்கு, முதலீடும் கட்டணமும், ஒழுங்குமுறைச் சட்டம். ஒன்று குறைந்தாலும் அது சாதாரண எம்.பி.ஏ. அல்லது சாதாரண எம்.டெக்.தான்.

செலவைக் கணக்கிடும்போது கட்டணத்துடன் இரண்டு வருடச் சம்பளத்தையும் கூட்டுங்கள். வங்கிக் கடன் என்றால் வட்டியையும் சேருங்கள். வேலை அனுபவம் இல்லாதவர்கள் முதலில் இரண்டொரு ஆண்டு இத்துறையில் வேலை பார்த்துவிட்டுச் சேருவது நல்லது. புரோகிராம் எழுதுவதே பிடித்திருக்கிறது, பணமும் சட்டமும் அலுப்புத் தருகின்றன என்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று அறிய எளிய வழி உண்டு. மேலே சொன்ன கால்குலேட்டர் கணக்கில் 5-க்குப் பதில் உங்கள் தெருவின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விடை வந்ததும் "இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்ற கேள்வி தானாக எழுந்தால், தாராளமாக விண்ணப்பிக்கலாம்.