பேக்கப் ஏன் பாதியில் நிற்கிறது? நாஸ் பெட்டியும் தமிழ் ஃபைல் பெயர்களும்

வீட்டில் நாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் ஓடியிருக்கும். காலையில் பார்த்தால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. "பகுதி மட்டும் முடிந்தது" என்று மஞ்சளாக ஒரு அடையாளம் நிற்கும். பெரும்பாலானவை போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்று தோன்றும். அந்த மஞ்சளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நாஸ் என்பது வேறொன்றும் இல்லைங்க. வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிவைக்கும், உள்ளே ரெண்டு அல்லது நாலு ஹார்ட் டிஸ்க் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர். பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். என்னுடையதில் இருப்பது பல வருடமாக ஊர் ஊராகப் போய் எடுத்த நடுகல் படங்கள், கல்வெட்டுப் படங்கள், வயதானவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள். சில கற்கள் சாலை அகலப்படுத்தும்போது காணாமல் போய்விட்டன. பேசியவர்களில் பலர் இப்போது இல்லை. மறுபடி போய் எடுத்துக்கலாம் என்று சொல்ல முடியாத சரக்கு. அதனால் "பெரும்பாலானவை போய்விட்டன" என்பது எனக்குப் பத்தாது. எது போகவில்லை என்று தெரிய வேண்டும்.

போகாதவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஃபைல் ஒன்றுகூட விடுபடவில்லை. விடுபட்டது அத்தனையும் தமிழ்ப் பெயர்கள். அதிலும் நீளமான பெயர்கள். இது தற்செயல் இல்லை, இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குள் போகும் முன் வழக்கமான காரணங்களை விலக்கிவிடுவோம்.

முதலில் லாக்

நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்ண வேண்டாம். லாக் ஃபைலைத் திறந்து, முதலில் வந்த பிழையைப் பாருங்கள். கடைசி வரி பெரும்பாலும் "முடியவில்லை" என்று மட்டும்தான் சொல்லும். காரணம் மேலே எங்கேயோ இருக்கும்.

நிறைய நாஸ் பெட்டிகள் பேக்கப்புக்கு உள்ளுக்குள் ஆர்சின்க் என்ற நிரலைப் பயன்படுத்துகின்றன. 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரஸும் எழுதியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் அது ஒரு எண்ணைச் சொல்லும். பிரச்சினை இல்லை என்றால் 0. மற்றபடி அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

11 – படிப்பதிலோ எழுதுவதிலோ சிக்கல். டிஸ்க் நிரம்பினாலும் இதுதான் வரும்.
12 – இணைப்பு நடுவில் அறுந்தது, அல்லது மறுமுனையில் நிரல் நின்றுபோனது.
23 – சில ஃபைல்கள் போகவில்லை, மற்றவை போய்விட்டன.
24 – நகல் எடுக்கும்போதே சில ஃபைல்கள் மூலத்தில் அழிந்துவிட்டன. தற்காலிக ஃபைல்கள் என்றால் கவலை இல்லை.
30 – காத்திருக்கும் நேரம் கடந்துவிட்டது.

நம்ம மஞ்சள் பெரும்பாலும் 23. அது காரணத்தைச் சொல்லாது. விடுபட்ட ஃபைல்களின் பட்டியல்தான் சொல்லும். அந்தப் பட்டியலை ரெண்டு மூன்று நாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, விடுபட்டவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று தேடுங்கள்.

ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஃபைல் விடுபட்டால் லைனைச் சந்தேகப்படலாம். வைஃபை, கரண்ட் கட், தூங்கிப்போகும் யூஎஸ்பி டிஸ்க் எல்லாம் இந்த ரகம். நாஸும் ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஃபோல்டருக்குள் இருப்பது எல்லாம் விடுபட்டால், அனுமதிப் பிரச்சினை. பேக்கப் ஓட்டும் பயனருக்கு அந்த ஃபோல்டரைப் படிக்க உரிமை இருக்காது.

பெரிய வீடியோக்கள் மட்டும் விடுபட்டால், போய்ச் சேரும் டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருக்கலாம். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. டிஸ்க்கில் 2 டிபி காலியாக இருந்தாலும் அதே கதைதான்.

முதல் பேக்கப்பே முடியாமல் இழுத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் அனுப்ப, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும், 9 நாளுக்கு மேல் ஆகும். 40 எம்பிபிஎஸ் என்றால் ரெண்டேகால் நாள். அதனால் முதல் நகலை ஒரே வீட்டுக்குள் கேபிள் போட்டு எடுத்துவிட்டு, பெட்டியை அப்புறம் வெளியூருக்குக் கொண்டுபோவது நல்லது.

தினமும் அதே ஃபைல்கள், அளவும் சிறியது, அனுமதியும் சரி, பக்கத்தில் இருக்கும் ஃபைல்கள் ஒழுங்காகப் போகின்றன என்றால் சிக்கல் பெயரில் இருக்கிறது.

பைட் கணக்கு

லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் ஆகிய ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலும் 255 என்றுதான் படிப்போம். ஆனால் அங்கே எண்ணுவது பைட்டை இல்லை, யூடிஎஃப்-16 அலகை. ஆங்கிலத்துக்கு ரெண்டும் ஒன்றுதான். தமிழுக்கு ஒன்றில்லை. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். நாம் ஒரு எழுத்து என்று சொல்வதே பல சமயம் ரெண்டு குறி. "க்" என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று. ஆக 6 பைட்.

கங்கைகொண்டசோழபுரம் என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கலாம். நம்ம கணக்கில் 11 எழுத்து. யூனிகோடு கணக்கில் 18 குறி. டிஸ்க்கின் கணக்கில் 54 பைட். இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 21 பைட்தான்.

இப்போது ஒரு முழுப் பெயர்: "கங்கைகொண்டசோழபுரம் வடக்குச் சுவர் கல்வெட்டு மூன்றாம் வரி". கடைசியில் ஜேபெக் படத்துக்கான புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் இதை 60 என்று எண்ணும். 255-ல் கால்பங்குகூட இல்லை. லினக்ஸ் 162 என்று எண்ணும். அதுவும் 255-க்குள்தான். அப்புறம் ஏன் நிற்கிறது?

பூட்டிய ஃபோல்டரால். என் ரெண்டாவது பெட்டி வெளியூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. வேறு வீட்டில் இருப்பதால் ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டது. சில நாஸ் பெட்டிகளில் இந்தப் பூட்டு வேலையை இகிரிப்ட்எஃப்எஸ் என்ற லினக்ஸ் அடுக்கு செய்கிறது. அது ஃபைலின் உள்ளடக்கத்தோடு பெயரையும் மறைக்கும். மறைத்த பெயரை, டிஸ்க் ஏற்கும் எழுத்துகளாக மாற்றி, முன்னால் தன் அடையாளத்தையும் ஒட்டும். பெயர் நீண்டுவிடும். அந்த நீண்ட பெயர் 255-க்குள் அடங்க வேண்டும் என்றால், அசல் பெயர் 143 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது 47 குறி.

ஆக 162 பைட் பெயர் லேப்டாப்பில் சரி, வீட்டு நாஸில் சரி, பேக்கப் பெட்டியில் மட்டும் இடமில்லை. லாகில் "பெயர் மிக நீளம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். லினக்ஸில் அதன் பிழை எண் 36. ஆர்சின்க் அதைத் தாண்டிப் போய் மற்றவற்றை அனுப்பிவிட்டு 23 என்று சொல்லி முடித்துக்கொள்ளும். கிளவுடுக்கு அனுப்பும்போது பெயரையும் மறைக்கும் ஆர்குளோன் போன்ற கருவிகளிலும் ஏறத்தாழ இதே 143 வரம்பு வரும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆர்சின்க் நகல் எடுத்து முடியும்வரை தற்காலிகப் பெயர் ஒன்று வைக்கும். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளியும் ஆறு எழுத்தும். மொத்தம் 8 பைட் கூடுதல். அதனால் 143-ஐ ஒட்டி நிற்கும் பெயரும் மாட்டலாம். 135-ஐ வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எந்தெந்தப் பெயர் தாண்டுகிறது என்று தேட பைத்தானில் பத்து வரி போதும். ஃபோல்டர் முழுக்க நடந்துபோய், ஒவ்வொரு பெயரையும் யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றி, நீளம் 135-க்கு மேல் என்றால் அச்சிடச் சொல்லுங்கள். பைட்டாக மாற்றாமல் நீளத்தைக் கேட்டால் 60 என்றே பதில் வரும், எல்லாம் சரி என்று தோன்றும். மாற்றிய பிறகு கேட்டால்தான் 162 வெளியே வரும்.

ஒரே பெயர், ரெண்டு விதமாக

நீளம் சரியாக இருந்தும் சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். "கொ" என்பதை யூனிகோடில் ரெண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு "ொ" என்ற ஒரே குறி ஒரு விதம். க-வோடு ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என ரெண்டு குறி இன்னொரு விதம். திரையில் வித்தியாசமே தெரியாது. தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை நாலே நாலு: ொ, ோ, ௌ என்ற குறிகளும், ஔ என்ற உயிரெழுத்தும்.

ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்துத்தான் எழுதும். 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரெண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். விண்டோஸ், லினக்ஸ் கீபோர்டுகளில் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வரும். லினக்ஸுக்கு இதெல்லாம் தெரியாது; பைட் வேறு என்றால் பெயரும் வேறு. "கொடுமணல்" என்பது சேர்ந்த வடிவத்தில் 24 பைட், பிரிந்த வடிவத்தில் 27. நாஸில் ரெண்டு கொடுமணல் ஃபோல்டர் அக்கம்பக்கத்தில் நிற்கும், ஒன்றில் பாதிப் படம், இன்னொன்றில் மீதி.

பேக்கப்பில் இது மூன்று விதமாகத் தெரியும். மாறாத ஃபோல்டரை மொத்தமாக மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய வெர்ஷன்களோடு இதுவும் சேர்ந்து இடம் இரட்டிப்பாகும். மூன்றாவதுதான் மோசம்: பேக்கப் அமைப்பில் நீங்கள் டைப் செய்த ஃபோல்டர் பெயர், டிஸ்க்கில் இருப்பதோடு பொருந்தாமல் "அப்படி ஒன்று இல்லை" என்று வரும். கண்ணெதிரே இருக்கும், கருவிக்குத் தெரியாது. நீளக் கணக்கிலும் இது கைவைக்கும். கங்கைகொண்டசோழபுரம் பிரிந்தால் 54 பைட் 60 ஆகிவிடும்.

தீர்வு, எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது. கான்வ்எம்வி என்ற லினக்ஸ் கருவி இதைச் செய்யும். முதலில் எதையும் மாற்றாமல், எதை மாற்றப்போகிறேன் என்று மட்டும் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கலாம். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து நேராக ஆர்சின்க் ஓட்டுபவர்கள் அதன் ஐகான்வ் ஆப்ஷனைப் பார்க்கலாம்; 2008-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து உண்டு, போகிற வழியிலேயே பெயரை மாற்றித் தரும்.

தமிழை விட வேண்டாம்

இதைச் சொன்னால் உடனே வரும் யோசனை, "பேசாமல் இங்கிலீஷில் பெயர் வைத்துவிடுங்கள்". எனக்கு உடன்பாடு இல்லை. தலை, தளை, தழை மூன்றும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தேடுகிற வேலையில் இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி. ஃபோல்டர் பெயருக்கு வேறு, ஃபைல் பெயருக்கு வேறு. அதனால் ஒரே பெயரில் அடுக்கியதை மூன்றாகப் பிரித்தால் போதும். கங்கைகொண்டசோழபுரம் ஒரு ஃபோல்டர், 54 பைட். அதற்குள் வடக்குச் சுவர், 40 பைட். அதற்குள் "கல்வெட்டு மூன்றாம் வரி" என்ற படம், 66 பைட். ஒரு எழுத்தும் குறையவில்லை, எல்லாம் 135-க்குள். ரொம்ப ஆழமாக மட்டும் போக வேண்டாம். விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 என்ற பழைய வரம்பு இன்னும் பல மென்பொருள்களில் உண்டு. பெயர் மாற்றும்போது பழைய பெயர், புதிய பெயர் ரெண்டையும் ஒரு அட்டவணையில் குறித்துவைத்தால், பழைய குறிப்பேடுகளில் எழுதியிருப்பது அறுந்துபோகாது.

பெயரையே தொட முடியாது என்பவர்கள் ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகளுக்கு மாறலாம். அவை ஃபைல் பெயரைத் தங்கள் தொகுப்புக்கு உள்ளேயே எழுதி, பூட்டி வைக்கும். வெளியே டிஸ்க்கில் இருப்பவை அந்தக் கருவி வைத்த குட்டைப் பெயர்கள் மட்டுமே. அதனால் 143 தடை வராது.

பச்சை வந்த பிறகு

மஞ்சள் பச்சையாகிவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஆர்சின்க்கில் செக்சம் ஆப்ஷனோடு, எதையும் எழுதாத சோதனை ஓட்டம் ஒன்று விட்டால் உள்ளடக்கம் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும். நேரம் எடுக்கும், வருடத்துக்கு ரெண்டு தடவை போதும். நாஸுக்குள் ரெண்டு டிஸ்க் ஒன்றையொன்று பிரதி எடுப்பதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெண்டிலும் அதே நொடியில் அழியும்.

கடைசியாக, திரும்ப எடுத்துப் பாருங்கள். பேக்கப் பெட்டியிலிருந்து ஒரு ஃபோல்டரை, வேறொரு கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டைக் கையால் அடித்துத் திறந்து எடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது உங்களிடம் இருப்பதிலேயே நீளமான தமிழ்ப் பெயர், அதிலும் ஒரு கொ-வோ சோ-வோ உள்ள பெயராகப் பார்த்து எடுங்கள். அது ஒழுங்காகத் திரும்பி வந்து, படம் திறந்து, கல்லில் இருக்கும் வரி படிக்க முடிந்தால், மற்றவையும் வந்துவிடும் என்று நம்பலாம்.